முழு வாக்கியமாகச் சொல்லுங்கள், மிஸ்

1

மெல்போர்னில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால், என் சித்தப்பா மகள் காசியம்மா ஒரே பதிலைத்தான் சொல்லுவாள். "வெள்ளக்காரங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கா." பலமுறை திருத்திப் பார்த்துவிட்டேன். அவள் விடுவதாக இல்லை.

உண்மை அவ்வளவு பெரிதில்லை. டான்டினாங் என்கிற புறநகரில் ஒரு சமூகக் கூடம் இருக்கிறது. ஆப்கானிஸ்தான், தெற்கு சூடான், பர்மா என்று பல இடங்களிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அங்கே ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேர் எந்த மொழியிலும் பேனா பிடித்தவர்கள் இல்லை. அவர்களுக்கு ஏ, பி, சி, டி சொல்லித் தருவதும், சொல்லித்தர வரும் தன்னார்வலர்களைப் பழக்குவதும் என் வேலை.

கரும்பலகையில் எழுதிப்போட்டு 'திரும்பச் சொல்லு' என்பது என் வகுப்பில் கிடையாது. ஒரு தட்டில் பச்சரிசியைப் பரப்பி வைப்பேன். விரலால் அதில் எழுத வேண்டும். தப்பாகப் போனால் தட்டை ஒரு குலுக்கு குலுக்கினால் போதும், தப்பு நடந்த தடமே இருக்காது. துணிப்பைக்குள் வெங்காயம், சாவி, கரண்டி எல்லாம் போட்டுக் கட்டிவைப்பேன். கையை உள்ளே விட்டுத் தடவி, பெயரைச் சொல்லி, பிறகு வெளியே எடுக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வரும் விளம்பரத் தாள்களைக் கத்தரித்து, பி-யில் தொடங்குவதெல்லாம் இந்தப் பக்கம், சி-யில் தொடங்குவதெல்லாம் அந்தப் பக்கம் என்று ஒட்டச் சொல்வேன். ரொட்டியும் வாழைப்பழமும் ஒரு பக்கம் சேர்ந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்க்கத்தான் போகிறேன்.

என் பெயர் அலமேலு. அப்பா பெயர் சடையன். விசா விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார்கள். அப்பா பெயரை அங்கே போட்டோம். அன்றிலிருந்து வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மகளின் பள்ளியிலும் நான் மிஸஸ் சடாயன். கல்வராயன் மலையை விட்டுக் கீழே இறங்கவே பிடிக்காத மனிதர், செத்த பிறகு இந்த ஊர் வரிசைகளில் கூப்பிடப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

வந்த புதிதில், கூடத்தின் மேலாளர் ஜேன் என்னைப் பார்த்து, "ஹவ் ஆர் யூ கோயிங்?" என்றாள். "பஸ்ஸில்" என்றேன். நலமா என்று கேட்பதை இங்கே அப்படிக் கேட்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜேன் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு என்னைக் கீழே தள்ளவில்லை. இரண்டு விதச் சிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கள்ளக்குறிச்சியில் கற்றேன்.

2

சென்ற மாதம் ஒரு காலை, படம் போட்ட அட்டைகளுக்கு இயந்திரத்தில் பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். முதுகு கதவுப் பக்கம் இருந்தது. "குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல்" என்று ஒரு குரல் கேட்டது.

நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. 'ஆல்' என்ற சொல்லை மேலே தூக்கி அங்கேயே நிறுத்தி வைக்கும் அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். என் கையிலிருந்த அட்டை இயந்திரத்துக்குள் கோணலாகப் போய்ச் சிக்கிக்கொண்டது.

விமலா மிஸ்.

தலை நரைத்திருந்தது. பருத்திப் புடவைக்கு மேல் மகளுடைய கம்பளிச் சட்டை. மூக்குக்கண்ணாடி மட்டும் அதே தங்க நிறம். மகள், மருமகனோடு நிரந்தரமாக இருக்க வந்துவிட்டாராம். முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவர், தன்னார்வமாகச் சொல்லித்தர விரும்புகிறார் என்று ஜேன் பூரித்துப்போய் அறிமுகம் செய்தாள்.

மிஸ் என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்குத் தாவினார். "நீங்க தமிழாங்க? எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சி பக்கம்."

"அட! நாங்களும் கள்ளக்குறிச்சிதாங்க! நான் பொறந்தது எலவனாசூர்கோட்டை. நீங்க எந்தப் பக்கம்?"

"மேல."

அவருக்கு அது விளங்கவில்லை. அல்லது விளங்கியும் மேலே கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ சந்தோஷமா இருக்குது தெரியுங்களா" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவருடைய சந்தோஷம் வேறு.

புதிதாக வரும் தன்னார்வலர் முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். பிறகு என் எதிரில் ஒரு பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். ஆளை எடுப்பதும் விடுவதும் என் கையில். ஜேன் இதைச் சொன்னபோது மிஸ் என்னைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டினார். கடவுள் இருக்கிறாரா என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அன்றைக்குக் கொஞ்சம் கம்மியாக இருந்தது.

3

மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். நானும் காசியம்மாவும் ஒரே வயது. ஐந்தாவது முடித்தபோது, நன்றாகப் படிக்கும் மலைப் பிள்ளைகளை அரசாங்கச் செலவில் கீழே தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள் என்று வாத்தியார் சொன்னார். எங்கள் இருவர் பெயரும் வந்தது. என்னைவிட அவள்தான் கெட்டி. கணக்கை வாயாலேயே போட்டுவிடுவாள்.

கள்ளக்குறிச்சியில் அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு விமலா மிஸ். அவரிடம் ஒரு விளையாட்டு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எழுத்து அட்டை, நூல் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் ஒரு சொல்லைச் சொல்வார். அது எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்தப் பிள்ளை எழுந்து அதை வைத்து ஒரு வாக்கியம் பேச வேண்டும். நல்ல விளையாட்டுத்தான். இன்றைக்கும் பல ஊர்களில் அதை விளையாடுகிறார்கள். ஆனால் அட்டையைப் பங்கிடும்போது காசியம்மாவுக்கு எக்ஸும் எனக்கு இசட்டும் கொடுத்துவிட்டு, "மலைப் பிள்ளைங்களுக்கு இது போதும், கஷ்டப்படாதீங்க" என்றார். வகுப்பு சிரித்தது. டாக்டர் மகன் எஸ். அரிசி மண்டிக்காரர் மகள் பி. அவர்கள் எழுந்து எழுந்து பேசினார்கள். நாங்கள் மாதக்கணக்கில் கழுத்தில் அட்டையோடு உட்கார்ந்திருந்தோம். எப்போதாவது ஒரு வரிக்குதிரை வரும், எனக்கு. காசியம்மாவுக்கு ஒரு எக்ஸ்ரே.

அந்த வகுப்பில் தமிழ் பேசக் கூடாது. கழிவறைக்குப் போகவேண்டும் என்றால்கூட எழுந்து நின்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும்.

ஒருநாள் காசியம்மா கை தூக்கினாள். "மிஸ், ஒண்ணுக்கு..."

"இன் இங்கிலீஷ்."

அவளுக்கு வாக்கியம் வரவில்லை. "மே..." என்றாள். "மே..." என்று நின்றாள். கால்களை ஒட்டி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த நான் சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தேன். "அலமேலு, ஷீ ஹேஸ் எ மவுத்" என்றார் மிஸ். நான் மறுபடியும் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். என்னை வெளியே அனுப்பினார். சன்னல் கம்பி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பாவாடை நனைந்தது. தரையில் ஓடியது. வகுப்பு முழுவதும் சிரித்தது. மிஸ் கத்தவில்லை, அடிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, அமைதியாக, "நவ் சே இட்" என்றார்.

காசியம்மா வாக்கியத்தைச் சொல்லவில்லை. பையை எடுக்காமல் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். ஈரப் பாவாடையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கழுத்தில் அட்டையோடே வீட்டு வாசலில் வந்து நின்றாள் என்று சித்தி பிறகு சொன்னாள். அதற்கப்புறம் அவள் எந்தப் பள்ளிக்கூடத்தின் படியும் ஏறவில்லை. பெரிய மனுஷியான கொஞ்ச காலத்திலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். புருஷனோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போவாள், வருவாள். இப்போது மலையிலேயே சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

நான் அந்தப் பள்ளியிலேயே இருந்தேன். இங்கிலீஷை ஆசைப்பட்டு நான் கற்கவில்லை. வன்மம் வைத்துக் கற்றேன். ஒவ்வொரு சொல்லையும் அந்த மனுஷியிடமிருந்து பிடுங்கி எடுப்பதுபோல எடுத்தேன்.

4

பயிற்சி வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லித்தர வருகிறவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு மொழியில் ஒரு பாடம் நடத்துவோம். எழுத்துத் தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமாக நானே தமிழில் நடத்துவேன். வெள்ளைக்காரர்கள் 'ழ'வுக்கு முன்னால் வியர்த்துப்போவார்கள். இந்த முறை தமிழ் சரிப்படாது. என்னிடம் முன்பு படித்த நூரியாவைக் கூப்பிட்டேன். காபூலில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். "தாரி மொழியில் எழுத்துப் பாடம் நடத்து. கொஞ்சம்கூட இளகாதே" என்றேன்.

நூரியா வலமிருந்து இடமாக எழுதினாள். பே, பெ, தெ, செ. எல்லாமே ஒரே படகு வடிவம்தான். புள்ளி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, ஒன்றா மூன்றா என்பதில்தான் எழுத்தே மாறும். எழுத்து அட்டைகளைக் கலைத்துக் கொடுத்து, படத்தோடு சேர்க்கச் சொன்னாள். மற்ற தன்னார்வலர்கள் இளவயதுக்காரர்கள். தப்புத் தப்பாகச் செய்து சிரித்துக்கொண்டார்கள். மிஸ்ஸுக்குத் தப்புச் செய்து பழக்கமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டையைத் தலைகீழாகப் பிடித்தார். நூரியா அவரை எழுப்பி நிறுத்தி ஓர் எழுத்தைக் காட்டினாள். மிஸ் ஏதோ சொன்னார். நூரியா தலையாட்டி மறுத்தாள். மறுபடி ஏதோ சொன்னார். பின்னால் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான்.

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். உதவி கேட்கும் பார்வை. இந்த இடத்தில் நான் குறுக்கே வந்து பாடத்தை நிறுத்துவதுதான் வழக்கம். அன்றைக்கு நான் நிறுத்தவில்லை. தண்ணீர் குடித்தேன். அவர் காதுமடல் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு, நிதானமாக, இன்னொரு வாய் குடித்தேன்.

வீட்டுக்குப் போய் மகள் நிலாவிடம் சொன்னேன். அவள் தமிழில் கேட்பாள், ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். "அம்மா, அது ரொம்ப அல்பம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். இந்த ஊரில் பிறந்த பிள்ளை. பாடத்தின் நடுவே எழுந்து, கேட்காமலே வெளியே போய்விட்டுத் திரும்பி வருகிற வகுப்பறைதான் அவளுக்குத் தெரியும். அவளிடம் எப்படிச் சொல்லுவது?

மறுநாள் காசியம்மாவைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கொல்லைக்காட்டுக்குப் போனால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும்.

"யாரு? அந்தக் கண்ணாடியா?" என்றாள். "முளிச்சாளா?"

"முளிச்சாங்க."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"ஒரு பையன் சிரிச்சான்."

"ஒருத்தந்தானா?" என்றாள். "கம்மியா இருக்குதே."

5

மிஸ் எடுத்துக் காட்டிய பாடம் நன்றாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் உண்மையை எழுத வேண்டும். காய்கறிகளை நிஜமாகவே வாங்கி வந்திருந்தார். கேரட்டை உயர்த்திக் காட்டி, வாயைக் குவித்து, கையால் தாளம் போட்டு, ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லி அழைத்துப் பேசவைத்தார். வராத சத்தத்தை உதட்டைத் தொட்டுக் காட்டி வரவழைத்தார். பர்மாக்காரக் கிழவி ஒருத்தி, பல மாதமாக வாயே திறக்காதவள், "கேபேஜ்" என்றாள். கதவருகே நின்ற ஜேன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். என்னிடம் மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போது அச்சோல் எழுந்தாள். தெற்கு சூடானிலிருந்து வந்தவள், ஐம்பதைத் தாண்டியவள், சர்க்கரை நோய்க்காரி. என் வகுப்பில் யாரும் கேட்டுவிட்டுப் போவதில்லை. கதவுக்குப் பக்கத்தில் படம் ஒட்டி அம்புக்குறி போட்டிருக்கிறேன், எழுந்து போகலாம். ஆனால் புது டீச்சர் ஆயிற்றே என்று அச்சோல் மரியாதையாக, "டீச்சர், டாய்லெட்" என்றாள்.

மிஸ் முகம் மலர்ந்தது. "குட்! நவ், ஃபுல் சென்டன்ஸ், ப்ளீஸ். மே ஐ..."

"மே..." என்றாள் அச்சோல்.

"மே ஐ...?"

அச்சோல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மே..."

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "அச்சோல், கோ!" என்றேன். அவள் போனாள். "லெசன் இஸ் ஓவர்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஜேன் அருகில் வந்து, என்ன நடந்தது என்று நான் சொல்வதற்கு முன்பே, "பார்த்தேன்" என்றாள். "முடிவு உன்னுடையது."

எல்லோரும் போன பிறகு மிஸ் காய்கறிகளைப் பைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இங்க வகுப்பு கெடையாதுங்க மிஸ்" என்றேன்.

"ஒரு வாக்கியந்தாங்க சொல்லச் சொன்னேன். பேச்சுப் பழக்கம் வரட்டும்னுதான்..." என்றவர் நிறுத்தினார். "மிஸ்ஸுன்னா கூப்பிட்டீங்க?"

"ஆறாங்கிளாஸ். கழுத்துல இசட்டு. எம் பேரு அலமேலு."

அவர் என் முகத்தைத் தேடினார். கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. காசியம்மாவைச் சொன்னேன். அந்த நாளைச் சொன்னேன். கம்பி வழியே நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார். "பொய் சொல்லல. ஒருத்தியா ரெண்டு பேரா, எவ்ளோ புள்ளைங்க! அந்த கரஸ்பாண்டென்ட் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கினே இருப்பாரு. கிளாஸ்ல ஒரு தமிழ் வார்த்தை கேட்டுச்சுன்னா எங்களதான் நிக்கவெச்சுப் பேசுவாரு. அப்ப எல்லா டீச்சரும் அப்பிடித்தான் இருந்தோம்."

"அவரு எல்லா டீச்சரையும்தான் பேசுனாரு. ஒண்ணுக்குன்னு கை தூக்குனா கணக்கு மிஸ் எதுவும் கேக்காமயே வுடுவாங்க."

மிஸ் காய்கறிப் பையின் காதைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"பேத்தி கிரெச்சுக்குப் போயிடறா. மக ஆபீசு போயிடறா. நாலு சுவத்தப் பாத்துக்கினு நான் இன்னா பண்ணுவேன் சொல்லு. இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிடும்மா."

அவர் அழுதார். இந்தக் காட்சியை நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்து வைத்திருந்தேன். எதிலும் அவர் கம்பளிச் சட்டை போட்டிருக்கவில்லை. எதிலும் அவருக்குப் பேத்தி இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் மனம் இளகவில்லை. இளகும் என்று ஒரு கணம் காத்திருந்தும் பார்த்தேன்.

"எங்கிட்ட கேக்காதீங்க. நான் படிச்சிட்டேன்" என்றேன். "கேக்க வேண்டிய ஆளு வேற."

6

இங்கே மதியம் என்றால் மலையில் காலை. காசியம்மா கொல்லையில்தான் இருந்தாள். வீடியோவில் அவள் முகத்துக்குப் பின்னால் மரவள்ளிச் செடிகள் ஆடிக்கொண்டிருந்தன. தலையில் துண்டு, கையில் களைக்கொத்து.

"இன்னாடி இந்நேரத்துல?"

"காசி, உங்கிட்ட ஒருத்தர் பேசணுமாம்." போனை மிஸ்ஸிடம் கொடுத்தேன்.

மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "காசியம்மா... நான் விமலா டீச்சர் பேசறேங்க." அவர் அவளுக்கு 'ங்க' போட்டதை நான் கவனித்தேன். "உங்களுக்கு நான் பெரிய கொடுமை பண்ணிட்டேன். அலமேலு சொல்லித்தான் தெரிஞ்சுது. அதுக்கு என்ன சொல்றதுன்னு... என்னை மன்னிச்சிடுங்க."

திரையில் காசியம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோலத் தலையிலிருந்து கழுத்து வரைக்கும் பார்த்தாள்.

"தலையெல்லாம் வெளுத்துப் பூடுச்சே" என்றாள். பிறகு, "இருங்க" என்றாள்.

போனை வரப்பில் மல்லாக்க வைத்துவிட்டாள். திரை முழுவதும் வானம். வெள்ளை வெளேரென்று மலை வானம், ஓரத்தில் ஒரு மரவள்ளி இலை. களைக்கொத்து மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. சர், சர் என்று ஒரே சீராக. அவள் களை வெட்டப் போய்விட்டாள்.

மிஸ் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "கட் ஆயிடுச்சாம்மா?"

"இல்லிங்க. லைன்லதான் இருக்கா."

"காசியம்மா?" என்றார் வானத்தைப் பார்த்து. "காசியம்மா, கேக்குதுங்களா?"

களைக்கொத்துச் சத்தம் நிற்கவில்லை. தூரத்தில் யாரோ ஒரு பெண், "யாரு காசி போன்ல? கூப்புடுறாங்க பாரு" என்றாள்.

"இருக்கட்டும்" என்றது காசியம்மாவின் குரல். "எதுக்கோ நிக்கிறாங்க. நிக்கட்டும்."

மிஸ் என்னைப் பார்த்தார். வாங்கித் துண்டித்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, போனை என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. அவர் அதை மறுபடியும் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், இரண்டு கையாலும்.

நான் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினேன். மெதுவாகவே அடுக்கினேன்.